நடுவில் நின்ற முள்

கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா ஒர்க்‌ஷாப் வாசலில் வெயிலில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. காரின் இன்ஜினில் திருகியிருக்கும் துண்டு அது. உள்ளே ஓடும் தண்ணீரின் சூட்டை உணர்ந்து டிரைவருக்கு எதிரே இருக்கும் மீட்டரின் முள்ளை நகர்த்துவது அதன் வேலை. இப்போது சென்சார் என்கிறார்கள். அன்றைக்கு மெக்கானிக் அதை வெறுமனே பல்பு என்பார். ஓர் உயிர் போனதற்கான காரணத்தை டாக்டரம்மா அதில்தான் தேடிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் அவர் நடத்திய சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். வியாழக்கிழமைகளில் பெரம்பலூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நோயாளிகளைப் பார்ப்பார். அதற்கு நாங்கள் போய்வந்தது அவருடைய அப்பா ஓட்டிப் பழசாக்கிய கறுப்புக் காரில். டிரைவர் அண்ணன் அந்தக் காரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டவர். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வந்து, ரேடியேட்டரைத் திறந்து, கழுத்து வரை நிரப்பிவிட்டுத்தான் காபி குடிக்கப் போவார்.

ஒரு கோடை வியாழக்கிழமை அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். பெண் குழந்தை பிறந்தது, நன்றாக அழுதது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஊசி போட்டும் நிற்கவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் திருச்சிக்குத்தான் போக வேண்டும். அவளுடைய கணவர் மாற்றுத்துணி எடுத்துவர ஊருக்கு பஸ் ஏறியிருந்தார். குழந்தையை அவளுடைய அக்காவிடம் கொடுத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். பின்சீட்டில் அவளுடைய தலை என் மடியில் இருந்தது. டாக்டரம்மா கீழே மண்டியிட்டு, அவளுடைய அடிவயிற்றை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பாடாலூர் நெருங்கும்போது டிரைவர் அண்ணன் கொஞ்சம் திரும்பிச் சொன்னார்.

“அம்மா, ஏதோ தீஞ்ச வாசன வருதுங்க. நிறுத்திப் பாத்துரட்டுங்களா?”

“முள்ளு எங்க நிக்குது?”

“நடுவுலதாங்க நிக்குது.”

“அப்ப நிறுத்தாதீங்க. போங்க.”

அவர் மிதித்தார். பாடாலூரைத் தாண்டியதும் முன்பக்கம் ஆவியாய்ப் பொங்கியது. இன்ஜின் ஒருமுறை அலறி, இறுகி நின்றுபோயிற்று. அப்போதும் அந்த முள் நடுவில்தான் நின்றது. சாலையில் நின்று கையை ஆட்டினேன். வெங்காய மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. லாரிக்காரரும் டிரைவர் அண்ணனும் அவளைத் தூக்கப் போனபோது டாக்டரம்மா நாடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, “வேண்டாம், விடுங்க,” என்றார்.

பழி டிரைவர் அண்ணன் மேல் விழுந்தது. தண்ணீர் பார்க்காமல் வண்டியை எடுத்தான், ஒரு பெண்ணைக் கொன்றான் என்று கடைத்தெருவில் பேசினார்கள். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெட்ரோல் பங்க் பக்கம் போனால்கூடத் தலையைக் குனிந்துகொள்வார் என்று கேள்விப்பட்டோம். டாக்டரம்மாவின் தம்பி, “பொணம் ஏறுன வண்டி, அக்கா. வித்துருங்க,” என்றார். “வாங்குறவனுக்கும் இதே முள்ளுதானேடா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, புதுப் பல்பும் போட்டுக் கொடுத்தார் மெக்கானிக். முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. சில மாதங்களில் மறுபடியும் நடுவிலேயே நின்றுவிட்டது. ஒயரில் கோளாறு என்று ஒயரை மாற்றினார். மீட்டரையே மாற்றினார். கடைசியில் இன்னொரு பல்பு போட்டதும் சரியாயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் நின்றது. “பழைய வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்,” என்றார். டாக்டரம்மா கேட்கிற ஆளில்லை. நோயாளிகள் காத்திருக்க, ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றையும் கழற்றும்போது ஏன், ஏன் என்று கேட்பார். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பயமாக இருந்தது. பிரசவ அறையில்கூட, வேலை முடிந்து கை கழுவும்போது, “நடுவுலதான் நின்னுச்சு, இல்ல சிஸ்டர்?” என்பார். நான் ஆமாம் என்பேன். மறுநாளும் கேட்பார்.

மூன்றாவது பல்பைக் கழற்றி மெக்கானிக் பழைய சாமான் டின்னில் எறிந்தபோதுதான் அவர் எழுந்துபோய் அதைப் பொறுக்கினார். பித்தளை தெரியாதபடி வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“சிஸ்டர், இத எங்கயாவது பாத்துருக்கீங்களா?”

பார்த்திருந்தேன். ஊசியும் கத்தரியும் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் இதே வெள்ளைப் பொருக்கு கட்டும். வாரந்தோறும் அதைத் தேய்த்து எடுப்பவள் நான். சுண்ணாம்புக்கல் பூமி எங்களுடையது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கல்லாகப் படியும். அதே தண்ணீர்தான் தினமும் ரேடியேட்டருக்குப் போயிருக்கிறது. பல்பின் மேல் சட்டை போலப் படிந்து, சூடு உள்ளே போகாமல் தடுத்திருக்கிறது. ரேடியேட்டரின் குழாய்களிலும் அதே கல் அடைத்து இன்ஜின் கொதித்திருக்கிறது; முள் மட்டும் ஏறவில்லை.

அங்கேயே எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார். சாற்றில் போட்டதும் நுரை வந்தது. ஊறவைத்துச் சுரண்டிய பல்பையே திரும்ப மாட்டச் சொன்னார். இன்ஜின் சூடேற, முள் மெல்ல நடுவைத் தாண்டிப் போயிற்று. மெக்கானிக் கைதட்டிவிட்டார். டாக்டரம்மா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் சந்தோஷம் இல்லை.

அன்று மாலையே டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க சொல்லித்தான் மிதிச்சேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலம்மா,” என்றார். “தெரியும். அதான் அவ புருஷங்கிட்ட நானே சொல்லப் போறேன். வண்டிய நீங்க ஓட்டணும்,” என்றார் டாக்டரம்மா.

அரும்பாவூர்ப் பக்கத்து அந்த ஊரில், இறந்துபோன பெண்ணின் கணவர் வீட்டு வாசலில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். பிடித்து நிற்கப் பழகியிருந்த குழந்தை அவருடைய முதுகைப் பிடித்தபடி நின்றது. டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் சொன்னார். தண்ணீர், பல்பு, முள், தீய்ந்த வாசனை, டிரைவர் நிறுத்தட்டுமா என்று கேட்டது, தான் வேண்டாம் என்றது. கணவர் அறுப்பதை நிறுத்தவே இல்லை. கடைசியில்தான் நிமிர்ந்தார்.

“அப்ப, நிறுத்தித் தண்ணி ஊத்தியிருந்தா அவ பொழச்சிருப்பாளா?”

“தெரியலப்பா. திருச்சி போய்ச் சேந்திருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாது.”

“தெரியலையா?”

“தெரியல.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “சாமி எடுத்துக்கிச்சுன்னு இருந்தேம்மா. அப்படியே ஒரு மாதிரி தூங்கிக்கிட்டிருந்தேன். இனிமே நான் என்னன்னு படுக்குறது?” என்றார். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் எங்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மூவரும் குடித்தோம்.

டிரைவர் அண்ணன் அதற்குப் பிறகு கடைசி வரை அவரிடமே வேலை பார்த்தார். மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் ரேடியேட்டருக்கு ஊற்றுவார். முள் சரியாகவே வேலை செய்தது.

டாக்டரம்மா படுக்கையில் விழுந்த நாட்களில் நான் போய்க் கூட இருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “அந்தாளு நிம்மதியா இருந்தாரு. நாம போய்ச் சொல்லியிருக்கணுமா சிஸ்டர்?”

“சொல்லித்தாம்மா ஆகணும்,” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலை. பாடாலூர் எப்போது வந்தது, எப்போது போயிற்று என்றே தெரிவதில்லை. ஆனால் பஸ்ஸில் எங்காவது இலேசாகத் தீய்ந்த வாசனை வந்தால், அன்று நான் சொன்ன பதில் சரிதானா என்றுதான் முதலில் தோன்றுகிறது.