பிரஸ் ஷாப்பும் கடற்பன்றியும்

என் பெரிய பேத்தி வெளிநாட்டில், வடக்குக் கடலில் கடற்பன்றி எண்ணும் வேலை பார்க்கிறாள். சுங்குவார்சத்திரத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. டீக்கடைக்காரர் ஒருமுறை, "பன்னி எண்ணறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா ஆயா? தோ, பிள்ளைப்பாக்கத்துல இல்லாத பன்னியா?" என்றார். "இதுங்கள எண்ணா நீ சம்பளம் குடுப்பியா?" என்று கேட்டேன். டீயை என் கையில் கொடுத்துவிட்டு பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடற்பன்றி என்றால் திமிங்கலத்துக்குச் சின்ன சொந்தம். ஆள் நீளம்கூட இருக்காதாம். மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி. மூச்சு விட மேலே வரும்போது முதுகு மட்டும் ஒரு நொடி தெரியும். அதனால் கண்ணால் எண்ணுவதைவிட, தண்ணீருக்குள் மைக்கை இறக்கிக் காதால் எண்ணுவதுதான் அதிகம். அது விடாமல் சொடுக்குப் போடுவது போலச் சத்தம் விடும். அந்தச் சத்தம் எதில் மோதித் திரும்பி வருகிறது என்பதை வைத்து, மீன் எங்கே, பாறை எங்கே என்று கண்டுகொள்ளும். குளிர்ந்த கடல், சின்ன உடம்பு. ராப்பகலாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். நாலு நாள் இரை கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. அப்படிச் செத்துக் கரை ஒதுங்கியதை அறுத்துப் பார்ப்பதும் இவள் வேலை. பல்லை அறுத்தால் உள்ளே வளையம் வளையமாக வயசு தெரியுமாம். "என் வயச கண்டுபுடிக்கலாம்னா வாயில ஒண்ணு மிச்சமில்லயேடி" என்றேன்.

சின்ன பேத்தி அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனி, பெரிய பெரிய மெஷின் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப், கான்ட்ராக்ட் வேலை. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு கொடுப்பார்கள். அதை அடைத்துக்கொண்டு நின்று நின்று, வீட்டுக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவாள். உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி கொண்டு வருவாள். இரண்டு பேரின் அம்மா, என் மகள், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் வளர்த்தது நான்தான்.

சின்னவள் உண்டானதை வளைகாப்பு வரை கம்பெனியில் சொல்லவில்லை. கண் படும் என்பது எங்கள் பயம். சொன்ன மறுநாளே கான்ட்ராக்டர் வராதே என்பான் என்பது அவள் பயம். மேலே போடும் கோட்டு தொளதொள என்றிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். பெரியவள் கப்பலிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் கை நிறைய வளையல் அடுக்கிவிட்டு, வயிற்றின் பக்கத்தில் கையைக் குலுக்கி, "கேக்குதாடா கண்ணு? யாரு வந்துகீறோம் பாரு" என்று கொஞ்சினார்கள். வளையல் சத்தம் உள்ளே இருக்கிற குழந்தைக்குக் கேட்கும் என்பதற்காகத்தானே அது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இத்துனூண்டு வளையல் சத்தமே கேக்குதுன்னா, ஏழு மாசமா பிரஸ் சத்தம் கேட்டுகினு கீறானே. சூப்பர்வைசர் கிட்ட சொல்லி அவனுக்கும் ஒரு ஜோடி பஞ்சு வாங்குடி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். போனில் பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆயா, நீ சொன்னது ஜோக் இல்ல" என்றாள். "உள்ள இருக்கிறது தண்ணி. கீச்சுக் கீச்சுனு வர்ற சத்தத்த உடம்பு தடுக்கும். தம்முனு வர்ற சத்தம் நேரா உள்ள போவும். தங்கச்சிய அங்கேருந்து மாத்தச் சொல்லு."

"நீ இன்னா டாக்டரா? பன்னி டாக்டரு" என்று சின்னவள் கத்தினாள்.

"ஆமா, எனக்கு மனுஷங்களப் பத்தி அவ்வளவா தெரியாது. இங்க கரண்டு எடுக்கிற காத்தாடி நிறுத்தறதுக்குக் கடல் தரையில இரும்புத் தூண் அடிக்கிறாங்க. உங்க பிரஸ் மாதிரியேதான். ஒரு அடிக்கு, கண்ணுக்கு எட்டாத தூரத்துல கீற பன்னிகூட இரைய வுட்டுட்டு ஓடுது. கிட்ட கீறதுக்குக் காது போயிடும். அதனால தூணச் சுத்தி அடியிலேருந்து காத்து வுட்டு, சத்தம் தாண்டாம நுரையாலயே ஒரு திரை போட்டுட்டு அப்புறம்தான் அடிக்கணும்னு சட்டம்."

"பன்னிக்குத் திரை போடறாங்களாடி?"

"போடறாங்க ஆயா."

பெண்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள். எலுமிச்சை சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் சின்னவள் உண்டானதைச் சொல்லி, பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். "பேக்கிங்ல ஆளு ஃபுல்லுமா. முடியலன்னா நின்னுக்கோ, புள்ள பொறந்தப்புறம் பாக்கலாம்" என்றாராம் சூப்பர்வைசர். வளையலையெல்லாம் கம்பெனி கேட்டில் கழற்றி டிபன் பையில் போட்டுவிட்டு, ஒன்பதாம் மாதம் பிறக்கும் வரை பிரஸ்ஸிலேயே நின்றாள்.

பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல நிறம், அழுகை ஊரைக் கூட்டும். தூங்கினால் மட்டும் எதற்கும் எழமாட்டான். எங்கள் வீடு ஹைவே ஓரம். லாரிக்காரன் வாசலிலேயே ஹாரன் அடிப்பான். இவன் இமைகூட அசையாது. "பிரஸ் ஷாப்ல வளந்தவன், இதெல்லாம் அவனுக்குத் தாலாட்டு" என்று அவன் அப்பன் பெருமைப்பட்டுக்கொண்டான். அக்கம்பக்கத்திலும், தொந்தரவே இல்லாத பிள்ளை என்று மெச்சினார்கள்.

ஒரு நாள் அவனுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். அவன் கூரையில் ஓடிய பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பலமாக அடித்தேன். சின்னவள் ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள்.

"இன்னாத்துக்கு ஆயா இப்டி பண்ற? அவனுக்குக் கேக்குது. உன்ன மதிக்கல, அவ்ளோதான்."

இந்த வீட்டில் என்னை மதிக்காதவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை தூங்க வேண்டும் என்று மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டினார்கள். காது கேட்டால் திரையில் கோடு மேடு மேடாக எழும் என்றாள் அங்கிருந்த பெண். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கோடு படுத்தே கிடந்தது. அடுத்த காதுக்கு மாற்றினாள். சின்னவள் என் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அந்தக் கோடும் எழவில்லை.

டாக்டர் கேட்டார்: "சொந்தத்துல கட்டினதா?"

"இல்ல சார், அசல்."

"மாசமா இருக்கும்போது அம்மை, காய்ச்சல்?"

"ஒண்ணும் இல்ல."

"என்ன வேலை?"

"பிரஸ் ஷாப்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதனாலயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரு குழந்தைய வெச்சு சொல்ல முடியாதும்மா." முதலில் காது மெஷின் போட்டுப் பார்க்கலாம், அதில் பலன் இல்லையென்றால் ஆபரேஷன் என்றார். மெஷினுக்கு அளவெடுக்க வெளியே உட்காரச் சொன்னார்கள்.

சின்னவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது. நான் பக்கத்து பெஞ்சில் தொடங்கி, பிள்ளையோடு வந்திருந்த மற்ற பெண்களை விசாரிக்க ஆரம்பித்தேன்.

"இன்னாமா, எந்த கம்பெனி நீ?"

"மசாலா பாக்கெட் போடறது. சத்தமே இருக்காது" என்றாள் முதலாமவள். அவள் பிள்ளைக்கும் கேட்காது. அடுத்தவள் வேலைக்கே போனதில்லையாம்; அத்தை மகனைக் கட்டியவள். கடைசி பெஞ்சில் குன்றத்தூரிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். "நானும் பிரஸ்தான், ஒரகடம்" என்றாள். சின்னவள் அப்போதுதான் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

வராந்தா ஓரத்துக்குப் போய்ப் பெரியவளுக்குப் போன் போட்டேன். ரெண்டு காதும் கேட்கவில்லை என்றேன். அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, "இங்க வந்துகீற இன்னொருத்தியும் பிரஸ் ஷாப்தான்டி. பிரஸ்ஸாலதான்னு இப்போ சொல்லலாம் இல்ல?" என்று கேட்டேன்.

"பத்தாது ஆயா. இங்கயும் இப்டித்தான். செத்து ஒதுங்கின ஒண்ண வெச்சு, தூண் அடிச்சதாலதான் செத்துச்சுன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நூத்துக்கணக்குல பாத்து எண்ணாதான் தெரியும்."

"எனக்கு ஒண்ணுதானடி கீறான்."

"தெரியும் ஆயா."

"அப்போ உனக்குக் கணக்கு சேர்றதுக்கு, இன்னும் எத்தினி புள்ளைங்களுக்குக் கேக்காம போவணும்?"

அவள் பக்கம் கப்பல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.