கரி பஸ்ஸில் மகாலுக்கு

கண்டக்டர் வேலை டிக்கெட் கிழிப்பதோடு முடிவதில்லை. இறங்கின பிறகும் ஜனங்கள் நம்மை விடமாட்டார்கள். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்ஸை மேட்டில் இறங்கித் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வந்தால் பஸ் மறுபடி கிளம்ப மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் "ராஜா கட்டின மகாலைக் காட்டும்" என்று யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள்.

யார் வேலை?

ஒரு நாள் மகால் மண்டபத்தில் வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவரும் பாளையம்பட்டி கிறிஸ்தவ வாத்தியார் ஒருவரும் அண்ணாந்து நின்றார்கள். "இந்த வளைவெல்லாம் எங்க பள்ளிவாசல் வேலை" என்றார் வியாபாரி. "தூணைப் பாருங்க பாய், அப்படியே மாதா கோயில்" என்றார் வாத்தியார். நான் சும்மா இருக்கலாமா? மேலே இருந்த யாளியைக் காட்டி, "இது எங்க கோயில்ல உள்ளதுல்லா?" என்றேன். எங்கள் சத்தம் மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் விளக்குமாற்றை ஊன்றி நிமிர்ந்தாள். "யாரு வேலையா இருந்தா என்ன சாமி, புறா எல்லாத்து மேலயுந்தான் இருக்கு. கூட்டுறது நான் ஒருத்தி!"

ஒரு மணி நேரம்

இனி நான் சொல்லப்போகிற பெண்ணின் புருஷன் சண்டை முடிந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலக் கவலைப்படுவீர்கள். இருவரும் தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், கல்யாணமாகி மூன்று மாதம். அவன் பட்டாளத்துக்குப் போகிறான். ரெயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மகாலைப் பார்க்கலாம் என்று கூட்டி வந்தேன். அவன் சிங்கம், குதிரை என்று ஒவ்வொன்றாகத் தெலுங்கில் காட்டிக்கொண்டே வந்தான். அவள் எதையும் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

மகால் பூந்தோட்டத்தில் ஒரு இலையைக்கூடத் தொடவிடாத தோட்டக்காரர் அன்று தாமே ஒரு ரோஜாவைப் பறித்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளாமல் என் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தாள்: "ரெயிலு இன்னைக்குத் தாமசமா வருமான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே."

தூணுக்கு மூன்று பேர்

அப்போது கோர்ட்டும் மகாலுக்குள்தான். திருச்சுழிப் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்கு ஒரு கிணற்றின்மேல் வழக்கு. பேச்சு நின்று நாலு வருஷம். ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள்; அண்ணன் முன்சீட்டு, தம்பி பின்சீட்டு.

ஒரு நாள் கேஸைக் கூப்பிடத் தாமதமாயிற்று. அண்ணன் சும்மா இருக்கமுடியாமல் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார், பாதிகூட எட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மறுபக்கம் போய்க் கையை விரித்தார். ஒரு பக்கம் இருவர் கையும் கோத்துக்கொண்டன. இன்னொரு பக்கம் ஓர் ஆள் குறைந்தது. பையை முதுகில் தள்ளிவிட்டு நானும் சேர்ந்தேன். "கண்டக்டரே, இது தூணுக்காகத்தான். நான் இன்னும் அவன்கூடப் பேசல" என்றார் அண்ணன். ஆனால், கோத்த கையை இருவரும் உடனே எடுக்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள், கேஸை வாபஸ் வாங்க. "சமாதானமாயிட்டீகளா?" என்றேன். அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "பேசாம சண்டை போடுறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. இனிமே பேசிக்கிட்டே போடலாம்னு இருக்கோம்."

இத்தனை தடவை மகாலுக்குப் போய் வந்தும், ராஜா எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று யாராவது கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.