முதல் சுற்றில் தோற்ற தலைவி

நாக்பூரில் எங்கள் தெருவில் பள்ளிச் சீருடை தைப்பவர் பிரமிளா தோப்ளே. ஒரு நாளிதழ் புதிய தலைவர்களைத் தேடும் போட்டி ஒன்றை அறிவித்து, 'நாட்டை நடத்த வாருங்கள்' என்று பக்கம் பக்கமாகப் பிரசாரம் செய்தபோது, அதிலிருந்த படிவத்தை நிரப்பி அனுப்பினார். நேர்காணலில், தேசபக்தி என்றால் என்ன என்று கேட்டார்கள்.

"எங்க தெருச் சாக்கடைக்கு மூடி போடறது" என்றார்.

முதல் சுற்றிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழகாகப் பேசிய ஒரு பேராசிரியர் ஜெயித்தார். அவர் படம் பேப்பரில் வந்தது, அதோடு சரி.

ஆனால் பிரமிளா போட்டிக்குப் போனதும், அங்கே சொன்ன பதிலும் தெருவெல்லாம் பரவியிருந்தன. அவர் தோற்றுத் திரும்பிய மறுநாளே பக்கத்து வீட்டு சுதாகர் வாசலில் வந்து நின்றார்.

"தலைவியம்மா, மூடி எப்போ வருது?"

"நான்தான் தோத்துட்டேனே அண்ணா."

"பேப்பர்காரங்ககிட்டதானே தோத்தீங்க? நாங்க இன்னும் ஓட்டே போடலையே."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். பிரமிளாவுக்கோ ரோஷம் வந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் பதினொரு பேரும் பின்னாலேயே போனோம். நான்காவது முறை போனபோது மூடி கிடைத்தது.

அந்தப் பிரசாரத்தால் நாடு முன்னேறியதா என்று எனக்குத் தெரியாது. இப்போது தெருவிளக்குக்கு மனு எழுதுகிறார் பிரமிளா. எங்களிடம் கையெழுத்து வாங்குவது சுதாகர்.