தோழர் ஆயர்

எங்கள் மாமா பொதுவுடைமைவாதி. யாழ்ப்பாணத்திலிருந்து கட்சி அனுப்பி மொஸ்கோவில் எஞ்சினியருக்குப் படித்தவர். படித்து முடித்தாரா என்பதில் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. ரொறன்ரோ அவருக்குக் கொடுத்தது ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சோவியத் ஒன்றியம் உடைந்துபோன செய்தி அவருக்குத் தெரியும். ஆனால் அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவருக்கு எதிர்வீட்டுக்காரராக ஒரு ரஷ்ய ஆயர் வந்து சேர்ந்தார்.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, மாமா, நான், தம்பிமார். எனக்கு ஒன்பது வயது. எதிர்வீட்டு ரஷ்யத் தாதி தன் பெரியப்பாவை ரஷ்யாவிலிருந்து அழைப்பித்திருந்தார். கறுப்பு அங்கி, நெஞ்சை மூடிய வெள்ளைத் தாடி, கையில் தடி. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மரம் வெட்டும் முகாமில் குளிர் தின்றுவிட்டதாம். அம்மா அவரைச் சாமியார் என்றார். பெறாமகளான அந்தத் தாதி அவரை ‘விளாதிக்கா’ என்று கூப்பிடுவார். அவர்களுடைய ஓர்த்தடொக்ஸ் சபையில் ஆயரை அழைக்கும் மரியாதைச் சொல் அது. மாமாவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். இருந்தும் வேண்டுமென்றே ‘தோழர்’ என்றுதான் கூப்பிட்டார். கிழவர் அசரவில்லை. மாமாவையும் ‘தோழர்’ என்றே திருப்பிக் கூப்பிட்டார்.

அந்தக் கட்டடத்தில் ரஷ்ய மொழியில் சண்டை பிடிக்க இருவருக்கும் வேறு ஆள் இல்லை. வேலைக்குப் போகுமுன் மாமா தினமும் அங்கே போய்த் தேத்தண்ணி குடித்தார். அம்மா கொடுக்கும் வடையோடு நானும் போவேன். கிழவர் சொல்லுவதை மாமா எனக்குத் தமிழில் சொல்லுவார். சொல்லி முடித்ததும் தன்னுடைய மறுப்பையும் சேர்த்துக்கொள்ளுவார்.

கிழவர் இளம் பாதிரியாராக இருந்தபோது சோவியத் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய ஆயர் வெளிநாட்டுக்கு உளவு பார்த்தார் என்று ஒரே ஒரு வசனம் எழுதிக் கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அது பொய், வைக்கமாட்டேன் என்றார். முகாமுக்கு அனுப்பினார்கள். தண்டனை முடியப்போகும் நேரத்தில் அதே வசனத்தைக் கொண்டுவந்து மறுபடி நீட்டினார்கள். அவர் மறுபடி மாட்டேன் என்றார். தண்டனை நீண்டது. இப்படியே தலை நரைத்தது. வெளியே விட்டபிறகு ஒரு வீட்டுக் குசினியில் வைத்து இரகசியமாக அவரை ஆயராக்கினார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மந்திரம் சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஒரு தொழிற்சாலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டார். அதே கரியில் ஒரு துண்டை எடுத்துப்போய் வீட்டில் தூபம் போட்டார். அரசாங்கக் கரி ஆண்டவருக்குப் போனதைச் சொல்லும்போதெல்லாம் அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

மாமா சிரிக்கமாட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளுவார்.

“உவர் புளுகுறார் அக்கா. ஒரு பொய்தானே? சொல்லிப்போட்டு வெளியிலை வந்திருக்கலாம். ஒரு வசனத்துக்காக ஆராவது அரைவாசி ஆயுளை மறியலிலை கழிப்பானோ?”

“உனக்கென்ன தெரியும்? கோப்பை கழுவப் போற நேரம், போ.”

கிழவரின் தூபக்கால் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. பித்தளைக் கிண்ணம், மூன்று சங்கிலி, சங்கிலியில் சின்னச் சின்ன மணிகள். எனக்கு அதைக் கிலுக்கிப் பார்க்க ஆசை. ஒருநாள் கை நீட்டியபோது தடியால் மெல்லத் தட்டிவிட்டார். ஆசி பெறாத கை அதில் படக்கூடாது, அது அவர்கள் வழக்கம் என்றார் மாமா. “குருக்களும் உப்பிடித்தானே, எல்லாரும் ஒரே கூட்டம்” என்று தன் கணக்கில் ஒன்றையும் போட்டார்.

தூபக்காலில் போடுவதற்குக் குங்கிலியம் தீர்ந்துபோனால் அம்மா சாம்பிராணி கொடுப்பார். கிழவர் முகர்ந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்ளுவார்.

அந்தச் சாம்பிராணிதான் எங்களுக்கு வினையாயிற்று. வெள்ளிக்கிழமை முழுகினால் வீட்டுக்கும் தலைமயிருக்கும் புகை காட்டாமல் அம்மாவால் இருக்க முடியாது. ஊரில் அடுப்பில் தணல் இருக்கும். இங்கே மின்சார அடுப்பின் சுருளில் தேங்காய்ச் சிரட்டையை வைத்துச் சிவக்கும்வரை எரித்துத் தணல் எடுப்பார். இரண்டு தடவை அலாம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இன்னொரு தடவை அடித்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று கட்டட மனேஜர் அப்பாவிடம் சொல்லியிருந்தான். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த வீட்டுக்கு வருமுன் உறவினர் ஒருவரின் நிலக்கீழ் அறையில் ஆள்மேல் ஆளாகப் படுத்திருந்தோம். இதிலிருந்து துரத்தினால் எங்களுக்கு வேறு யாரும் வீடு தரப்போவதில்லை.

அப்பா கெஞ்சினார். அம்மா கேட்கவில்லை.

“வாடகை குடுக்கிறம். என்ர வீட்டிலை சாம்பிராணி போட அவனிட்டையோ கேக்கிறது?”

தை மாதத்து வெள்ளிக்கிழமை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். மாமா இன்னும் புறப்படவில்லை. அம்மா கதிரையில் ஏறி, கூரையிலிருந்த அலாமுக்குப் பிளாஸ்ரிக் பை கட்டினார். என் ஈரத்தலையைத் தூபத்தின் மேல் பிடித்தார். எல்லாம் சரியாக நடந்தது. புகை கொஞ்சம் கூடிவிட்டது. தம்பி இருமினான். குளிருக்கு யன்னல் உறைந்து திறக்கவில்லை. அம்மா போய் வாசற்கதவைத் திறந்தார்.

நடைபாதையிலும் ஓர் அலாம் இருப்பதை அவர் மறந்துவிட்டார்.

கட்டடம் முழுவதும் அலறத் தொடங்கியது. அம்மா துவாயால் புகையை வீசி வீசி உள்ளே தள்ளப் பார்த்தார். புகை யார் சொல்லையும் கேட்கவில்லை. எதிர்க்கதவு திறந்தது. கிழவர் அம்மாவைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார். உள்ளே போனார். வரும்போது அங்கியின்மேல் பெரிய சிலுவை, தலையில் கறுப்புத் தொப்பி, கையில் தூபக்கால்.

லிப்ற் நின்றுவிட்டதால் எல்லோரும் படியில் இறங்கினோம். கிழவருக்கு ஒரு கையில் தடி, மறுகையால் கைப்பிடியைப் பிடிக்கவேண்டும். தூபக்காலை என்னிடம் நீட்டினார். நான் பயந்து பயந்து வாங்கினேன். ஏழு மாடிக்கும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். பித்தளை குழாய்த் தண்ணீர் போல் குளிர்ந்திருந்தது. உள்ளே சாம்பல்கூட இல்லை.

கீழே வாசல் மண்டபத்தில் பாதிக் கட்டடம் கோட்டும் செருப்புமாக நின்றது. “ஆரின்ரையோ வீட்டிலை கருவாடு பொரிச்சிருக்கினம்” என்றார் ஐந்தாம் மாடி அன்ரி. ஒருவரும் சிரிக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் மேலே போய் வந்து நெருப்பு இல்லை, ஏழாம் மாடியில் புகை மட்டும்தான் என்றார்கள். மனேஜர் வேறு யாரையும் பார்க்கவில்லை. நேரே அம்மாவிடம் வந்தான்.

அம்மா நிமிர்ந்து நின்றார். ஓம், நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மாமா அவருடைய காலை மிதித்தார். அதற்குள் கிழவர் என் கையிலிருந்த தூபக்காலை வாங்கி, மணிகள் கிலுங்க மனேஜரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மண்டபமே திரும்பிப் பார்க்க ஒரு வசனம் சொன்னார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா எந்தச் சொல்லையும் உடனே மொழிபெயர்த்துவிடுவார், தனக்குப் பிடிக்காததையும்கூட. அன்றைக்கு அவர் கிழவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

“புகை போட்டது தான்தான் என்கிறார்.”

மனேஜர் தூபக்காலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். கிழவர் வெடுக்கென்று பின்னால் இழுத்து இரண்டாவது வசனத்தைச் சொன்னார். ஆசி பெறாத கை அதில் படக்கூடாது. நான் ஏழு மாடிக்குத் தூக்கிவந்ததை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டை விட்டுத் துரத்துவேன் என்றான் மனேஜர். கிழவர் தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மாமாவின் குரல் இப்போது உயர்ந்திருந்தது.

“உன்னைவிடப் பெரிய ஆட்கள் என்னைத் துரத்திப் பார்த்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தார்கள். நாளைக்கும் போடுவேன், போய் உன் முதலாளியிடம் சொல்!”

அவ்வளவையும் கிழவர் சொன்னாரா, மாமாவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாரா என்று தெரியாது. தாடியும் சிலுவையுமாக நிற்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரை இத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்வதென்று மனேஜருக்கு விளங்கவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டான். எங்களை யாரும் துரத்தவில்லை. அந்த வீட்டிலேயே நான் வளர்ந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, லொறி ஓட்டப் பழகி நானாகப் புறப்பட்டபிறகு எத்தனையோ ஊரில் இருந்துவிட்டேன். எந்த ஊரிலும் என்னால் நிலைத்து இருக்க முடியவில்லை. அது வேறு கதை.

அடுத்த நாள் பின்னேரம் வடையோடு மாமாவுக்குப் பின்னால் போனேன். வழக்கமாகக் கதவில் தடதடவென்று தட்டி “தோழர்!” என்று கத்துகிறவர் அன்றைக்குச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார். கதவு திறந்ததும் தலையைக் கொஞ்சம் குனிந்து சொன்னார்.

“விளாதிக்கா.”

கிழவர் உள்ளே வரும்படி கை காட்டினார். அன்றைக்கு இருவரும் சண்டை பிடிக்கவில்லை. மாமா எனக்கு ஒன்றும் மொழிபெயர்க்கவும் இல்லை.

திரும்பி வரும்போது நடைபாதையில் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, சாமியார் நேற்றுப் பொய் சொன்னவர். தூபக்கால் பச்சைத் தண்ணி மாதிரிக் கிடந்தது. நான்தானே தூக்கினனான்.”

“தெரியும்.”

“பிறகேன் கும்பிட்டனீங்கள்?”

“வாயைப் பொத்திக்கொண்டு வா பிள்ளை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர்காலம் முழுவதும் கிழவர் தன் கதையைச் சொல்லச்சொல்ல, புளுகுறார் புளுகுறார் என்று சொன்னவர் இந்த மாமாதான். இப்போது கிழவர் உண்மையாகவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார், சாட்சிக்கு நான் இருக்கிறேன், மாமா போய்த் தலை குனிகிறார். நான் பொய் சொன்னால் மட்டும் அகப்பைக் காம்பால் அடி விழுகிறது. பெரியவர்களுடைய நியாயமே இப்படித்தான் என்று, அன்றிரவு மாமாவோடு கதைக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.