ஜுனைட் கேட்ட மாப்பு

சாய்ந்தமருதில் போன் கடை வைத்திருக்கும் ஜுனைட் எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பரப்பியவர் வேறு யாருமல்ல, அவரேதான். மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று மூச்சு வாங்குகிற மனிதர், புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடற்கரை மணலில் ஒரு மாதம் நடந்தார். பயிற்சியாம்! மனைவியின் பெயர் சித்தி லைலா; அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது ஊர் வழக்கம். திரும்பி வராமலும் போகலாம், யார் மனதிலும் குறை மிஞ்சக் கூடாது என்பதற்காக. இவர் மலை பார்க்கப் போவதற்கும் அதையே செய்தார். நாற்பது வீடு. போன இடமெல்லாம் இனிப்புக்கு வட்டிலப்பம். ஐந்து வருடமாகக் கதைக்காத மச்சான் அபூசாலிகூடக் கட்டிப்பிடித்து அழுதார்.

கேட்க வேண்டியவளிடம் மட்டும் கேட்கவில்லை. கலியாணம் முடித்த வருடம் சித்தி லைலாவுக்குக் கல்வியியற் கல்லூரியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. புவியியல் டீச்சராக வேண்டியவள். அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்து, திகதி முடிந்த பிறகு சாவகாசமாக எடுத்துக் கொடுத்தவர் இவர். பதினாறு வருடம் ஆகிறது. ஒரு சொல் கேட்டிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். வாசலில் வேன் வந்து நிற்கும்வரை காத்திருந்தாள்.

"கடச்சாவி மேசையில கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார் பெரிய மனிதர்.

நாலாம் நாள் பகல் வீடியோவில் அழைத்தார். பனியை மிதிக்கவே இல்லை; பாதி வழியில் ஒரு விடுதிக் கட்டிலில் போர்வைக்குள் கிடந்தார். பின்னால் ஜன்னலில் வெள்ளைச் சிகரம் ஒன்று பளிச்சென்று நின்றது. அவள் அதைத்தான் பார்த்தாள். அப்படியொரு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறாரே!

"லைலா, தலை வெடிக்குது. மூச்செடுக்க ஏலா. மௌத்தாகிருவன் போல. என்ன மாப்புச் செய் புள்ள."

சாவுப் பேச்சைக் கேட்டு அவள் போனைக் கிட்டப் பிடித்தாள். "என்னத்துக்கு மாப்பு?"

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும் வேணாம். அந்தக் கடிதத்துக்குக் கேளுங்க."

"எந்தக் கடிதம்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே ஞாபகமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உசரத்துல ஒக்சிசன் குறைவு, அதான் தலையிடி" என்றாள், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல. "ஆயிரம் மீற்றர் கீழ இறங்கினாச் சரியாயிரும். மௌத்தாக மாட்டீங்க."

"அப்ப மாப்பு?"

"அத நான் தரமாட்டன். எழும்பி இறங்குங்க."