விலக்குப் பெற்றவர்களின் வாசகர் வட்டம்

"முட்டி எல்லாம் இந்தப் பக்கம், மூச்சு எல்லாம் ஜன்னல் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே ராதோய்க்கா வாசலில் மருத்துவச் சீட்டுகளை வாங்குவார். வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில், உடற்பயிற்சியிலிருந்து விலக்குப் பெற்ற ஏழு பேர் நூலகத்துக்குள் வருவார்கள். முட்டிவலிக்காரர்களுக்குத் தாழ்வான நாற்காலி, ஆஸ்துமாக்காரர்களுக்குக் காற்று. ஏழு பேரில் ஐந்து பேருக்கு எந்த நோயும் இல்லை. அது அவருக்கும் தெரியும், சீட்டு எழுதிய டாக்டருக்கும் தெரியும். "காகிதத்துல போட்டிருக்குல்ல? அப்ப வலிக்குது" என்பார்.

கதவில் 'வாசகர் வட்டம்' என்று அவரே எழுதிய அட்டை தொங்கும். திமோக் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடங்களாக அவர்தான் நூலகர். பழைய நாள்காட்டித் தாள்களால் புத்தகங்களுக்கு அட்டை போடுவது அவர் வழக்கம். அதனால் மிகச் சோகமான நாவல்களின் முகப்பில் விதைக் கம்பெனியின் தக்காளி சிரித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குத் தலைப்பு நினைவிருக்காது. "டீச்சர், அந்தத் தக்காளி குடுங்க" என்பார்கள். அவர் சரியானதை எடுத்துக் கொடுப்பார்.

அவர் நன்றாக வாசிப்பவர் என்று சொல்ல முடியாது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. காப்பியை உறிஞ்சுவதற்காக வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். தேர்வும் அப்படித்தான். ஒரு மலைக்கிராமத்துக் குடும்பம் நான்கு தலைமுறைகளாக அழிவதைச் சொல்லும் தடித்த நாவலை ஒன்றரை வருடமாக உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை பேர் சாகணும், டீச்சர்?" என்று உரோஷ் கேட்பான். அவன் முட்டிப் பிரிவு.

"மூணு பேர். பொறுடா."

"இதுல நல்லவங்களா பாத்து சாகுறாங்களே!"

"செத்தவங்கதான்டா ஊர்லயே இருக்காங்க. மத்தவங்க வியன்னாவுக்குப் போயிட்டாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெற்றோர் வியன்னாவில்தான் வேலை செய்கிறார்கள். நெவேனா மட்டும் சிரிக்க மாட்டாள். ஆஸ்துமாக்காரியான அவள் வருடம் முழுவதும் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஒருநாள் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டது தெரியாமல் ராதோய்க்கா தொடர்ந்து வாசித்தபோது, "ஒரு பக்கம் விட்டுட்டீங்க" என்றாள். அன்று ஆசிரியர் அறையில் ராதோய்க்கா இதை மூன்று முறை சொன்னார். "ஒரு பக்கத்துக்கே இந்த ஆட்டமா? புத்தகம் முடிஞ்சா ஊருக்கே ஆடு வெட்டுவியா?" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஸ்மில்யா. "வெட்டுவேன்டி. உனக்குத்தான் தலைக்கறி."

இந்த மார்ச்சில் வேறொரு வகுப்பைச் சேர்ந்த விலக்குக்காரன் ஒருவன், பாடவேளையில் ரொட்டிக் கடையில் பிடிபட்டான். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஸ்ரெத்தேன் புதிய விதியைச் சொன்னார். "இனிமே விலக்கு வாங்கினவங்க ஜிம்லயே பெஞ்சுல உக்காரட்டும்."

"அப்ப என் வட்டம்?" என்றார் ராதோய்க்கா.

"பள்ளி விட்டதும் வெச்சுக்கங்க. ஆசைப்பட்டு வர்றவங்கதான் வாசகர். இவங்க உங்க நாற்காலிக்காக வர்றவங்க. யாருமே வரலேன்னா, அந்த ரூமைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்துடலாம். நீங்க அலுவலகத்துக்கு வந்துடுங்க."

கட்டாயத்தில் நடக்கும் வாசிப்பு வாசிப்பே அல்ல என்று மெய்யியல் வகுப்பில் பல வருடங்களாகச் சொல்லி வந்தவன் நான். அந்த விதிக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன். கடைசி மணி அடித்துப் பத்து நிமிடத்தில் கிராமத்துப் பேருந்துகள் புறப்பட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் வியாழன் மாலை ஏழு நாற்காலிகளையும் போட்டு வைத்தார். யாரும் வரவில்லை. அடுத்த வாரம் உரோஷ் மட்டும் தலையை நீட்டினான். "டீச்சர், அந்தத் தாத்தா செத்தாரா?"

"இன்னும் இல்ல. உள்ள வா, சாகடிச்சுடலாம்."

"பஸ் போயிடும் டீச்சர்!" படிகளில் அவன் ஓடும் சத்தம் கேட்டது.

மூன்றாம் வாரம் அதுவும் இல்லை. மறுநாள் நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போனேன். "விடுங்க. சீட்டு இல்லாம யாரு வருவா? நானே அந்த வயசுல வந்திருக்க மாட்டேன்" என்றார். அடுத்த புதன்கிழமை நூலகத்தில் கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்து இறங்கின. இடம் போதாமல் ஜன்னல் பக்கத்தையும் அடைத்து அடுக்கினார்கள். ராதோய்க்கா பேனாவைக் கடன் வாங்கி ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மூன்றாம் பாடவேளையில் எனக்கு வகுப்பில்லை. விளையாட்டுக்கூடத்தைக் கடந்து போகும்போது உள்ளே அவரைக் கண்டேன். அக்குளில் நாவல். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "ஷூவைக் கழட்டுங்க அக்கா, தரை புதுசு" என்று கத்தினார். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு சுவரை ஒட்டி நடந்து பெஞ்சுக்குப் போனார். ஏழு பேரும் வரிசையாக இருந்தார்கள், ஆறு பேர் கைபேசியோடு. ஓரத்தில் நெவேனா. அவளுக்கு அருகில் உட்கார்ந்து, விட்ட இடத்தைத் திறந்து உரக்க வாசித்தார்.

கைப்பந்தும் விசிலும் கூச்சலும். கதவருகில் நின்ற எனக்கு அவர் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. உரோஷ் ஒருமுறை காதருகே கையைக் குவித்துப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அரைப் பக்கம் போனதும் ராதோய்க்கா நிறுத்தினார். புத்தகத்தை நெவேனாவின் மடிக்கு நகர்த்தி, வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். ஒரு வரி, அடுத்த வரி. பக்கத்தின் அடிக்கு வந்ததும் தாளின் முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். புரட்டவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல், அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தபடி காத்திருந்தார்.