முழங்காலில் விழுந்த செல்

எண்பத்தாறில் எனக்கு ஒன்பது வயது. குருநகரில் எங்கள் வீட்டில் பேர்பெற்ற கள்ளி நான்தான். காலைப் பூசைக்கு எழுப்பினால் என் முழங்கால்கள் வீங்கி, விறைத்து, மடங்க மாட்டோம் என்று நிற்கும். பத்து மணிக்கெல்லாம் இளகிவிடும். பின்னேரம் கிளித்தட்டு விளையாடுவேன்.

"விளையாட மடங்கிற கால் ஆண்டவருக்கு முன்னாலை மட்டும் மடங்காதோ?" என்று அம்மா கேட்பார்.

எனக்குப் பத்திக்கொண்டு வரும். சொன்ன பொய் ஒன்றுக்கும் அகப்படாத நான், சொல்லாத பொய்க்கு அகப்பட்டிருந்தேன்.

அந்த வருடம் எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. முழங்காலில் நின்றுதான் நற்கருணை வாங்க வேண்டும். முழங்காலில் நிற்காவிட்டால் முதல் நன்மையும் இல்லை, வெள்ளைச் சட்டையும் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டார். மூன்று நாள் அழுதேன். அழுகைக்கு மசியாத அம்மா, ஒருநாள் மத்தியானமாகியும் வீக்கம் வற்றாததைக் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கிருந்த இளம் டொக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், அடுத்த கிழமை வரச்சொல்லி விளக்கினார்.

"இது பிள்ளையளுக்கு வாற மூட்டுவாதம், அம்மா. உடம்பைக் காவல்காக்கிற செல்லுகள் ஒண்டுக்கொண்டு தகவல் அனுப்பும். இவவுக்கு அந்தத் தகவல் பிழைச்சுப்போச்சு. எதிரி இல்லாத இடத்திலை எதிரி நிக்குது எண்டு நினைச்சு, செல் முழங்காலைத் தாக்குது."

அவர் சொன்னது உயிர்க்கலத்தை. சண்டை நடந்த எங்கள் ஊரில் அப்போது செல் என்றால் வானத்தால் வந்து விழுந்து வெடிக்கிற பீரங்கிக் குண்டு மட்டும்தான்.

"முழங்காலுக்கையோ? எப்ப விழுந்தது, டொக்டர்?"

"அந்தச் செல் இல்லை, அம்மா. இது கண்ணுக்குத் தெரியாத சின்னச் செல்."

"சின்னனெண்டாலும் செல் செல்தானே," என்றார் அம்மா.

எதிரி இல்லாத இடத்தில் செல் விழுவதை அம்மாவுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. காலையில்தான் அதிகம் விறைக்கும், சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்கள், பிள்ளை பொய் சொல்லவில்லை என்று சொல்லி, டொக்டர் மருந்துக் குளிசைகளையும் எழுதித் தந்தார். அம்மா ஒன்பது வயதுக்காரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தார். வழியில் விசாரித்தவர்களிடமெல்லாம் "செல்லடி" என்றார். அவர்கள் இரத்தத்தைத் தேடி என் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

பங்குச் சுவாமியாரிடமும் அதே கதைதான். "பிள்ளைக்கு முழங்காலுக்கை செல்லடி, சுவாமி. நிண்டுகொண்டு நன்மை வாங்கலாமோ?"

சுவாமியார் கொஞ்சம் குழம்பிப்போனார். "நிண்டாலும் ஆண்டவர் வருவார்," என்றார்.

வெள்ளைச் சட்டை வந்தது, நாளும் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் முழங்காலில் நிற்க, நான் மட்டும் கொக்கு மாதிரி நடுவில் நின்றேன். எல்லாரும் என்னையே பார்ப்பதாகப் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அழுகை வரும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கோயில் முழுவதும் முழங்காலில் இருந்தது. பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.